தளும்பாத குடம்

பேராசிரியர் வைரவநாதனுக்கு மனிதர்களைப் பற்றி எந்தக் காலத்திலும் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. அறுபதைத் தாண்டியபின் இருந்த கொஞ்சமும் போய்விட்டது. போனதற்கு முதல் காரணம் துலாக்கோல் என்ற நிறுவனம். அடுத்த காரணம், அதை நம்பிய ஊர் உலகம்.

அவருடைய தொழில் கருந்துளைகளை எடை போடுவது. கருங்காலி மலை உச்சியில் ஒரு தொலைநோக்கி, அதன் பக்கத்திலேயே ஓட்டு வீடு ஒன்று. அங்கே உட்கார்ந்துகொண்டு, எண்ணிப் பார்க்கவே சலிப்பாக இருக்கும் தூரத்தில் எரிகிற குவேசார் என்னும் விண்பொருள்களின் வெளிச்சம் கூடுவதையும் குறைவதையும் வருடக்கணக்காகப் பதிவு செய்வார். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்து, நடுவில் ஒளிந்திருக்கும் கருந்துளையின் நிறையைக் கணக்கிட ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அதைப் படித்துப் புரிந்துகொள்ள இந்த நாட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம் என்பது அவர் எண்ணம். ஒன்பதாவதாக ரிஷிகேசவன் வந்தான், துலாக்கோலின் முதலாளி.

முப்பது வயது, காலில் வெள்ளை ஷூ, கையில் முந்திரிக் கேக் டப்பா. "சார், நட்சத்திரத்த விடுங்க. மனுஷன எடை போடலாம் சார் இத வச்சு" என்றான். முகத்துத் தோலுக்கு அடியில் ரத்தம் ஏறி இறங்கும்போது நிறம் இம்மியளவு மாறும். கண்ணுக்குத் தெரியாது, லென்சுக்குத் தெரியும். அந்த மாற்றத்தைப் பதிவு செய்து வைரவநாதனின் கணக்கில் ஏற்றினால் ஆளின் நிதானம் எவ்வளவு என்று எண் வந்து விழும். அதிகம் தளும்பாதவனுக்கு அதிக நிறை. நூற்றுக்கு எத்தனை என்று சொல்லிவிடலாம்.

வைரவநாதன் அவனை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு தன் கணக்கைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்துக் கையெழுத்துப் போட்டார். ஊரில் எல்லாரும் வரிசையில் நின்று முட்டாளாக ஆசைப்படும்போது குறுக்கே படுக்க அவர் யார்? பதிலுக்குத் துலாக்கோல் அவருடைய தொலைநோக்கியைப் பராமரிக்கும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் மலைமேலிருந்து வேடிக்கை பார்த்தார். 'நிறைகுடம் தளும்பாது' என்று ஊர் ஊராகத் துலாக்கோல் விளம்பரம் வைத்தது. வேலைக்கு ஆள் எடுக்க நிறை, வாடகைக்கு வீடு விட நிறை. மணமகனுக்கு நிறை எண்பதுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், சாதி தடையில்லை என்று வரன் விளம்பரங்கள் வந்தன. சாதி தடையில்லை என்பது வழக்கம்போலப் பொய். நிறையைத்தான் மெய்யாகவே கேட்டார்கள்.

ஒரு மத்தியானம் அடிவாரத்துப் பேருந்திலிருந்து இறங்கி, மேடு ஏறி, மூச்சு வாங்க அவர் வாசலில் வந்து நின்றாள் உமையாள். அவருடைய ஒரே மகள். மனைவி மெய்யம்மையின் காரியங்கள் முடிந்தபின் அவள் இந்தப் பக்கம் வந்ததில்லை. மூன்று வருடம் ஆகிறது.

"யாரு, உமையாவா? என்ன திடீர்னு?"

"குயிலியத் தூக்கிட்டுப் போகப் போறாங்க அப்பச்சி."

குயிலி அவள் பெற்ற பிள்ளை இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரித் தொட்டிலில் யாரோ விட்டுப்போன குழந்தை. எட்டு மாதக் குழந்தையாக உமையாளும் அவள் புருஷன் பிலவேந்திரனும் வாங்கி வந்து வளர்த்தார்கள். இப்போது ஐந்து வயது. தத்து உத்தரவு வர வேண்டிய நேரம். அதற்குள் குழந்தைகள் நலக் குழு புது விதி கொண்டுவந்துவிட்டது: வளர்க்கிறவர்களின் நிறையைப் பார்க்காமல் பிள்ளையைத் தரக்கூடாது.

"அறுபதுக்குக் குறையாம இருக்கணுமாம். எனக்குப் பதினொண்ணு. அவுகளுக்குப் பதினாலு."

வைரவநாதனுக்குச் சிரிப்பு வந்தது. மோட்டார்களுக்குக் காயில் கம்பி சுற்றிப் பிழைக்கிற மருமகன் மகளைவிட மூன்று மதிப்பெண்ணாவது மேலே இருப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அந்த ஆளை அவருக்குப் பிடிக்காது. காரணம் தேடியதும் இல்லை. பெரும்பாலானவர்களை அவருக்குப் பிடிக்காது என்பதால் அது தனியாகத் தோன்றவும் இல்லை.

"எப்ப எடுத்தாங்க அளவு?"

"கூடத்துல கேமராவ மாட்டுன மறுநாளே பாப்பாவுக்கு டெங்கு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா ஓடுறோம். பிளேட்லெட் இறங்குதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு நான் பாதி செத்துட்டேன். அந்தப் பதினைஞ்சு நாளத்தான் அளந்து வச்சிருக்காங்க."

"கழுதைங்க." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். யாரையாவது திட்டும்போது அவருக்கு உட்கார்ந்தால்தான் வசதி. "ஒரு குவேசார அளக்க நான் பத்து வருஷம் பாக்கறேன். இவனுங்க பதினைஞ்சு நாள் பாத்துட்டு எடை சொல்றானுங்க. இதுல என்ன கூத்துன்னா, அவனுங்க பண்ற பெரிய தப்பு அதுகூட இல்ல."

"வேற என்ன?"

"கருந்துளை கண்ணுக்குத் தெரியாது. அதுக்குள்ள விழப்போற வாயு இருக்கே, அது சுத்திச் சுத்திச் சூடேறி எரியும். அந்த வெளிச்சந்தான் நமக்குத் தெரியறது. கருந்துளை சின்னதா இருந்தா வெளிச்சம் படபடன்னு துடிக்கும். பெருசா இருந்தா ஆடி அசைஞ்சு மெதுவாத்தான் மாறும். இது வரைக்கும் சரி. ஆனா நாங்க எடை போடறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணுவோம். இந்த மலையில அதுக்கு விளக்குப் பாக்கறதுன்னு பேரு. முதல்ல அது எரியுதா? அடங்கிப்போன ஒண்ணா இருந்தா, வெளிச்சத்த வரைஞ்ச கோடு நேரா, சவம் மாதிரி கிடக்கும். அதக் கணக்குல ஏத்துனா கணக்குக்குப் பைத்தியம் பிடிச்சு, இதுதான் உலகத்துலயே பெரிய கருந்துளைன்னு சொல்லும். அசையலையே! அதனால அந்த மாதிரிக் கோட்ட எல்லாம் எடுத்துக் குப்பையில போட்டுட்டுத்தான் மத்தத எடை போடுவோம்."

"துலாக்கோல்ல?"

"அந்தப் படிய எடுத்துட்டான் அந்தப் பய. காசு குடுத்து வர்றவன்கிட்ட 'உன்னை அளக்க முடியாது, நீ எரியல'ன்னு சொல்ல முடியாதாம்."

"உங்களுக்கு அது தெரியுமா?"

"தெரியாம என்ன."

உமையாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அங்க வந்து இதச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை விசாரணை."

இதைக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்துத்தான் இருந்தார். சொன்னால் துலாக்கோல் மறுநாளே கையை உதறும். தொலைநோக்கி துருப்பிடிக்கும். அவர் இத்தனை வருடமாகப் பின்தொடர்கிற குவேசார் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு முறை பளிச்சென்று எரிந்திருந்தது. நடுவில் வெளிச்சம் எழும்பினால், தள்ளிச் சுற்றுகிற வாயு மேகங்கள் அதை உடனே காட்டாது. வெளிச்சம் போய்ச் சேர நேரம் ஆகும். தாமதமாக ஓர் எதிரொளி வரும். எவ்வளவு தாமதம் என்று தெரிந்தால் மேகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நடுவில் எவ்வளவு கனமானது உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகமில்லாமல் சொல்லிவிடலாம். அவர் கணக்குப்படி அந்த எதிரொளி அடுத்த வருடம் வர வேண்டும். ஆயுசு முழுக்கக் காத்திருந்தது அதற்குத்தான்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னார்.

"அது எம்புட்டுத் தூரத்துல இருக்கு அப்பச்சி?"

"வெளிச்சம் இங்க வந்து சேரவே எண்ணூறு கோடி வருஷம்."

"அப்ப அது எங்கயும் ஓடிப் போயிறாது. குயிலி வெள்ளிக்கிழமை போயிருவா."

அவள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் பேருந்துக்கு இறங்கிப் போனாள். வைரவநாதன் அன்றும் மறுநாளும் அதைப் பற்றி யோசித்தார். மகளுக்காகப் போக வேண்டும் என்று தோன்றவில்லை. அப்படித் தோன்றாதது பற்றி வருத்தமும் இல்லை. ஆனால் ஒரு கூடம் நிறைய முட்டாள்களை நேருக்கு நேர் நிற்க வைத்து முட்டாள்கள் என்று சொல்லும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வெள்ளிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு இறங்கினார்.

குழுவின் கூடத்தில் மேசைமேல் ஒவ்வொருவருக்கும் பெயர்ப்பலகை. பெயருக்குக் கீழே படிப்பு இருக்க வேண்டிய இடத்தில் நிறை. தலைவி சண்முகவடிவு, எழுபத்தொன்று. குரலில் தேன் ஒழுகும் அம்மாள். அந்தத் தேனோடேயே யார் பிள்ளையையும் யாரிடமிருந்தும் பிடுங்கக்கூடியவர். பக்கத்தில் உறுப்பினர் குணசீலன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எண்பத்து மூன்று. கூட்டம் தொடங்கியதும் கண்ணயர்ந்துவிடுவார். அவர் நிறையின் ரகசியம் அதுதான் என்று வைரவநாதனுக்கு உள்ளே நுழைந்த உடனே விளங்கிவிட்டது. சுவரில் மாலை போட்ட ஒரு பெரிய படம், எந்தக் காலத்திலோ அமைச்சராக இருந்து செத்துப்போன ஒருவர். மூலையில் முக்காலிமேல் லென்ஸ். அதன் பின்னால் ரிஷிகேசவன்.

உமையாள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வெளியே வராந்தாவில் பிலவேந்திரன் குயிலியை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். குழந்தை கதவிடுக்கு வழியாக உள்ளே மாலை போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. சாட்சி சொல்ல வருகிறவர் யாரானாலும் முதலில் லென்ஸ் முன்னால் உட்கார வேண்டும். நிறை தெரியாத ஆளின் பேச்சைக் காதில் வாங்கமாட்டார்கள். வைரவநாதன் உட்கார்ந்தார். திரையில் கோடு ஓடியது. ரிஷிகேசவன் இரண்டு தடவை பார்த்துவிட்டு எழுந்து நின்றான்.

"தொண்ணூத்தெட்டு மேடம்."

அந்த மாவட்டத்தில் அதுவரை யாரும் தொண்ணூறைத் தொட்டதில்லை. சண்முகவடிவு தன்னை அறியாமல் கைகூப்பினார். குணசீலன் விழித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க சொல்லுங்க. உங்க வாயால வர்ற எதையும் நாங்க கேட்டுக்கறோம்" என்றார் தலைவி.

வைரவநாதன் சொன்னார். விளக்குப் பார்ப்பதைச் சொன்னார், அந்தப் படி விட்டுப்போனதைச் சொன்னார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தளும்புகிறவள்தான் எரிகிற விளக்கு, தளும்பாதவன் அணைந்துபோனவனாக இருக்கலாம், இந்தக் கருவிக்கு இரண்டும் தெரியாது என்றார். இதை இங்கே பொருத்தியவன் அயோக்கியன், நம்புகிறவர்கள் மடையர்கள் என்று முடித்தார். வெகுநாளைக்குப் பிறகு அவருக்கு உடம்பு லேசானது.

சண்முகவடிவு குழம்பிப்போய் ரிஷிகேசவனைப் பார்த்தார். அவன் பதறவில்லை.

"மேடம், சிம்பிள். சார் பேச்ச நாம ஏன் கேக்கறோம்? நிறை தொண்ணூத்தெட்டுங்கறதால. அப்ப கருவி சரின்னுதான அர்த்தம்? கருவி தப்புன்னா சாருக்கு நிறையே இல்லன்னு ஆகும். நிறை இல்லாதவங்க சாட்சி செல்லாது. எப்படிப் பாத்தாலும் கருவி ஜெயிக்குது."

"ஆமால்ல?" என்றார் தலைவி. குணசீலன் தொடையைத் தட்டி ரசித்தார்.

முட்டாள்தனத்துக்கு இவ்வளவு உறுதியான கோட்டை இருக்கும் என்று வைரவநாதன்கூட நினைத்ததில்லை. எழுந்து போய், முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, லென்ஸைச் சுவரிலிருந்த செத்த அமைச்சரின் படத்துக்கு நேராக வைத்தார்.

"பாருங்க. இது காகிதம். இதுக்கு என்ன சொல்லுதுன்னு பாருங்க."

கோடு ஓடியது. ஓடியது என்பதைவிடக் கிடந்தது என்று சொல்லலாம். ஓர் இழைகூட மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. எண் விழுந்தது: நூறு.

வைரவநாதன் வெற்றியோடு திரும்பினார். குணசீலன் எழுந்து நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"நூறு..." என்றார் அவர். "மறைஞ்சு இத்தன வருஷம் ஆகியும். தெய்வம்யா அவரு."

எல்லாரும் எழுந்து நின்றார்கள். ரிஷிகேசவனுக்கு மட்டும் என்ன நடந்தது என்று புரிந்தது. அவன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டான்.

உத்தரவைச் சண்முகவடிவு அங்கேயே படித்தார். வளர்ப்புப் பெற்றோரின் நிறை போதாது. ஆனால் விதியில் ஒரு வழி இருக்கிறது: நெருங்கிய உறவில் தகுந்த நிறையுள்ளவர் இருந்தால் குழந்தையை விடுதிக்கு அனுப்ப வேண்டியதில்லை. எனவே குயிலி தன் தாத்தா வைரவநாதனின் பாதுகாப்பில் வளர்வாள். அவர் வீட்டுக் கூடத்தில் கேமரா இருக்கும். நிறை அறுபதுக்குக் கீழே இறங்கினால் குழந்தை விடுதிக்குப் போகும். தளும்புகிற பெற்றோர் மாதம் ஒரு முறை வந்து பார்க்கலாம்.

"பாருங்க, எல்லாருக்கும் நல்லதா முடிஞ்சிருச்சு" என்று தேனை ஊற்றினார்.

"என்கிட்டயா?" வைரவநாதன் கத்தினார். "நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? பொண்டாட்டி சுடுகாட்டுல எரிஞ்சுக்கிட்டிருக்கறப்ப, வானம் தெளிவா இருக்குன்னு மலை ஏறுனவன்யா நான்! கொள்ளி வச்ச கையக் கழுவிட்டு அதே சாயங்காலம் போய்த் தொலைநோக்கிய முடுக்கினேன். இந்தா உக்காந்திருக்காளே, இவ அழுததக்கூட நான் பாக்கல. என்கிட்ட ஒரு பிள்ளையக் குடுக்கறீங்களா?"

ரிஷிகேசவன் எப்போதோ லென்ஸை அவர் பக்கம் திருப்பியிருந்தான். "மேடம், கவனிச்சீங்களா? இதச் சொல்றப்பக்கூட லைன் அசையல."

"அடேயப்பா!" என்றார் சண்முகவடிவு. "என்ன ஒரு மனத்திடம்!"

வராந்தாவில் உமையாள் குழந்தையின் துணிப்பையை அவர் கையில் கொடுத்தாள். உள்ளே மூன்று நாளைக்கு உடுப்பு, ஒரு துணி முயல். ராத்திரியில் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்பதுவரை எல்லாம் சொன்னாள். பிலவேந்திரன், "பாத்துக்குங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். பேருந்து வந்தபோதுதான் உமையாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நிறைகுடம் தளும்பாதுன்னு எழுதி வச்சிருக்கான்ல அப்பச்சி. காலிக்குடமும் தளும்பாது."

அவருக்குச் சுருக்கென்றுகூட இல்லை. அவள் சொன்னது கணக்குப்படி சரி என்று நினைத்துக்கொண்டே பேருந்தில் ஏறினார்.

எதிர்பார்த்ததுபோலவே துலாக்கோல் கையை உதறியது. அவர் பெயரை எடுத்துவிட்டு அவர் இடத்தில் வேறொரு பேராசிரியரின் கையெழுத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அதற்கு எத்தனையோ பேர் வரிசையில் இருந்தார்கள். தொலைநோக்கியின் கூரை மூடியது மூடியபடி நின்றது. அவருடைய எதிரொளி வந்தாலும் இனி யார் பார்க்கப் போகிறார்கள்?

குயிலி முதல் வாரம் பேசவே இல்லை. முயலை இடுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் உப்புமா கிண்டினார், கட்டி தட்டியது. அவள் கட்டிகளை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைச் சாப்பிட்டாள். அவர் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவனைத் திட்டினார், அரிசிக் கடைக்காரனைத் திட்டினார், அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகும் வழியில் வாத்தியாரைத் திட்டினார். கூடத்து மூலையில் கேமரா பார்த்துக்கொண்டே இருந்தது. அவர் கோடு தொண்ணூற்றெட்டிலேயே கிடந்தது.

"ஐயா, நீங்க ஏன் எல்லாரையும் திட்டுறீங்க?" அவள் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"முட்டாளா இருக்கறாங்க. திட்டுறேன்."

"நானும் முட்டாளா?"

"உனக்கு இன்னும் வயசு ஆகல."

அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்போலத் தெரிந்தது. அடுத்த நாளிலிருந்து அவர் யாரையாவது திட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள். சில வசவுகளை முயலுக்குச் சொல்லிக் கொடுத்தாள். கட்டி தட்டாத உப்புமாவுக்கு ரவையை வறுக்க வேண்டும் என்று அவர் கண்டுபிடித்தார். குவேசாரைவிட அது அப்படியொன்றும் சுலபமாக இல்லை.

மாதம் ஒரு முறை உமையாளும் பிலவேந்திரனும் வந்து போனார்கள். கேமரா முன்னால் மூவரும் பொம்மைபோல உட்கார்ந்திருப்பார்கள். போகும்போது குழந்தை அழும். மேட்டில் இறங்கும்போது உமையாளின் முதுகு குலுங்குவது ஜன்னல் வழியாகத் தெரியும். குழந்தையை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அந்த வீட்டில் ஒருவராவது காலியாக இருக்க வேண்டும். அந்த வேலைக்குத் தன்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று வைரவநாதன் நம்பினார்.

மழைக்காலத்தில் ஒரு காலை. அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குயிலி ஸ்டூலைப் போட்டு ஏறி, அடுக்களை மேல்தட்டைத் துழாவி ஒரு தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூடியைச் சுற்றித் துணி நாடா ஒட்டியிருந்தது. அவர் தடுப்பதற்குள் நாடாவைக் கிழித்துவிட்டாள். உள்ளே மகிழம்பூ முறுக்கு, வரிசை வரிசையாக, ஒன்றுகூட உடையாமல்.

மெய்யம்மை கீழே ஊரிலிருந்து மாதாமாதம் அனுப்புவாள். இது கடைசி டப்பா. அவள் செத்த சேதி வந்ததற்கு மறுநாள் காலையில், அவர் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தபின் தபாலில் வந்தது. வாங்கி மேல்தட்டில் வைத்தார். தொலைநோக்கியைப் பார்க்கப் போய்விட்டார். அந்த வாரம் குவேசார் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

குயிலி ஒன்றைக் கடித்தாள். உடனே துப்பினாள்.

"த்தூ. பழைய எண்ணெச் சிக்கு வாடை அடிக்குது ஐயா. யாரு செஞ்சது?"

"உன் ஆயா."

"நல்லா இருந்தப்பவே நீங்க ஏன் திங்கல?"

அவர் வாயைத் திறந்தார். யாரையாவது திட்டலாம் என்று பார்த்தார். ரிஷிகேசவனை நினைத்தார், தேன் குரல் அம்மாளை நினைத்தார், எழுந்து நின்று கண்கலங்கிய அந்தத் தலைமையாசிரியரை நினைத்தார். ஒன்றும் உதவவில்லை. பேப்பர் கையிலிருந்து நழுவியது. அறுபத்து மூன்று வயதில், ஒரு டப்பா கெட்டுப்போன முறுக்குக்கு முன்னால் உட்கார்ந்து, வைரவநாதன் ஓவென்று அழுதார். மெய்யம்மா, மெய்யம்மா என்று அழுதார். குழந்தை பயந்துபோய், பிறகு பயம் தெளிந்து, முயலைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தது.

அழுகையின் நடுவில்தான் கேமரா ஞாபகம் வந்தது. கேமராவின் கோட்டைக் காட்டும் கைபேசியை எடுத்துப் பார்த்தார். செத்துக் கிடந்த கோடு எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது. தொண்ணூறு. எண்பத்து நாலு. அவர் கண் எதிரிலேயே எழுபத்தாறு. அத்தனை அழுகையிலும் நாற்பது வருடப் பழக்கம் விடவில்லை. மெய்யம்மை எரிந்த நாளிலிருந்து இந்தக் காலை வரைக்கும் எவ்வளவு தாமதம் என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது. எடை போடும் அளவுக்கு அவருக்குத் தெம்பு இல்லை.

அறுபத்தெட்டு. இன்னும் ஒன்பது இறங்கினால் குழுவின் ஜீப் மலை ஏறி வரும்.

அவர் முகத்தைத் துடைக்கவில்லை. துடைத்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். உள்ளறைக்கு ஓடினார். கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது, துலாக்கோல் அவருக்குப் பாராட்டு விழா நடத்தி, பொன்னாடை போர்த்தி, சட்டம் போட்டுக் கொடுத்த பெரிய வண்ணப் படம். படத்தில் அவர் கூட்டத்தைப் பார்த்து உதட்டைச் சுழித்துக்கொண்டிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு வந்து, ஸ்டூலில் ஏறி, கேமராவை ஒட்டி நேர் எதிரே நின்ற தூணின் ஆணியில் மாட்டினார். கேமராவுக்கு இனி வேறு எதுவும் தெரியாது.

கோடு இரண்டு தடவை திமிறியது. பிறகு படுத்துவிட்டது. எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்று நாலு என்று எண் ஏறிக்கொண்டே போனது. அவர் தரையில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினார்.

அன்று மத்தியானமே மகளுக்குப் போன் போட்டார். "சாமான கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் வந்துருங்க."

"ஐயோ, கேமரா அப்பச்சி?"

"அது பாட்டுக்கு என்னையப் பாத்துக்கிட்டிருக்கு. நீ வா ஆத்தா."

ஆத்தா என்று அவர் அவளைக் கூப்பிட்டுப் பல வருடம் ஆகிவிட்டது.

அந்தக் குழுவில் யாரும் மலை ஏறி வந்து பார்க்கவில்லை. பார்ப்பதற்குத்தான் கருவி இருக்கிறதே. வீட்டில் இப்போது நாலு பேர். பிலவேந்திரன் அடுக்களையில் பாடினான், சுருதி சேரவில்லை என்று மாமனார் திட்டினார். குயிலி கூடத்தில் குதித்தாள். சண்டை வந்தது, சிரிப்பு வந்தது, ஒரு முறை குழந்தைக்குக் காய்ச்சல் வந்து மூன்று பெரியவர்களும் ராவெல்லாம் தளும்பினார்கள். தூணில் தொங்கிய ஆள் மட்டும் உதட்டைச் சுழித்தபடி அசையாமல் இருந்தான். வருடக் கடைசியில் சண்முகவடிவின் வாழ்த்து வந்தது: ஐயாவின் நிறை நூறு. மாவட்டத்திலேயே குழந்தை வளர்க்க உகந்த வீடு.

உமையாள் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, குயிலி தோட்டத்துச் செவ்வந்தியை நூலில் கோத்துக்கொண்டு வந்தாள். ஸ்டூலில் ஏறி, அன்று அந்த ஆபீஸில் பார்த்ததுபோலவே, தாத்தாவின் படத்துக்கு மாலையாகப் போட்டாள்.

"அடியே!" உமையாள் பதறி எழுந்தாள். "உசுரோட இருக்கவக படத்துக்கு மாலை போடக் கூடாதுடி! எடு அத!"

"விடு ஆத்தா" என்றார் வைரவநாதன். "அந்த ஆளுக்குப் போடலாம்."

சொல்லிவிட்டு எழுந்து போனார். மாலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. லென்ஸில் படாமல் ஒதுங்கி நின்று அதை நேராக்கினார்.